சேற்றுத் தண்ணீரைத் துரத்திய மத்தியானம்

போன வருடம், சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் கட்டத் தொடங்கியிருந்த நேரம். தேக்கா சந்தையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கட்டட சைட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண், மழையில் கரைந்து வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சைட்டை ஒட்டி ஓடும் லோங்காங், அதாவது மழைநீர் வடிகால், ரோச்சோர் கால்வாயில் விழுகிறது. கால்வாய் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அந்தத் தண்ணீர்தான் சுத்தமாகி உங்கள் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. தண்ணீர் தெளிவாகப் போகிறதா என்று நாள் முழுக்கக் குனிந்து பார்ப்பதால் என் மனைவி எனக்கு வைத்த பட்டம் 'லோங்காங் காவல்காரர்'. வீட்டில் எனக்கு இருக்கும் ஒரே பதவி அதுதான்.

ஒரு நாள் காலை, தோண்டிய மண்ணின் சரிவில் மழைக்காகப் போர்த்தியிருந்த கேன்வாஸை எல்லாம் சுருட்டச் சொன்னார் மேனேஜர். என்னைவிட ரொம்பச் சின்னவர்.

"வேணாம் தம்பி, பாதிய மட்டும் எடுப்போம்."

"அண்ணே, மொத்தமா எடுத்தாத்தான் மெஷின் இறங்கும். ரேடார்ல மழையே இல்ல லா. நீங்க ஏர்கான் தண்ணி சொட்டினாலே குடை விரிக்கிற ஆளு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைக் கிண்டல் செய்தால் முதலில் சிரிப்பது நான்தான். அது ஒரு வியாதி.

மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது மழை கொட்டியது. கேன்வாஸை இழுத்துப் போர்த்த ஓடினோம். காற்று பிடுங்கியது. ஒரு மூலையைப் பிடித்திருந்த நான், அதோடு சறுக்கிக்கொண்டே சரிவின் அடிவாரத்துக்குப் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் தெரிந்தது. சேற்றுத் தண்ணீரைத் தெளியவைக்கும் தொட்டி நிரம்பி வழிந்தது. தடுப்பு வேலி சாய்ந்தது. தே தாரேக் டீயின் நிறத்தில் ஓர் ஆறு லோங்காங்குக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மணல் மூட்டைகளைப் போட்டோம். மூட்டைகளும் கூடவே போய்விட்டன.

ஏன் அப்படிச் செய்தேனோ தெரியவில்லை, கேட்டைத் தாண்டி அந்தத் தண்ணீரின் பின்னாலேயே ஓடினேன். பூட்ஸ், தொப்பை, சேறு அப்பிய பின்பக்கம் சகிதமாகக் கால்வாய் ஓரம் ஓட்டம். பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றவர்கள், பாவம், பஸ்ஸை விட்டுவிட்டான் என்று நினைத்திருப்பார்கள். மூச்சு வாங்கக் காலாங்கில் நீர்த்தேக்கக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. சேறு எனக்கு முன்பே வந்துவிட்டது. பச்சைத் தண்ணீருக்குள் பழுப்பு விரிந்து விரிந்து போய்க்கொண்டே இருந்தது.

கரையில் ஒரு தமிழ்ப் பெரியவர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இனி மீன் கடிக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சைட்டில் போடும் என் மஞ்சள் வெஸ்டைப் பார்த்தார்.

"உங்க சைட்டா?"

"ஆமா அங்கிள்."

திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவர் பிளாஸ்கைத் திறந்து, மூடியில் கோப்பி ஊற்றி நீட்டினார்.

"குடி. தொப்பலா நனஞ்சிருக்க பாரு. இத்தன வருஷமா இங்க உக்காந்திருக்கேன், சேறு வரும், போகும். அது பின்னாடியே ஒருத்தன் ஓடி வந்து பாத்ததில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "சரி, வந்து என்ன செய்யப் போற?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். எதற்கும் ஒரு ஜோக் கைவசம் வைத்திருப்பவன் நான். அன்று அந்தச் சேற்று நிறக் கோப்பியைக் குடித்து, மூடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சைட்டுக்கே திரும்பி நடந்தேன்.

மறுநாள் தொட்டியைக் கழுவினோம், வேலியை நிமிர்த்தினோம், சரிவை மூடினோம். நல்ல வெயில் அடித்ததும் கேன்வாஸ் மறுபடி சுருட்டப்பட்டது.

"அன்னைக்குப் பேஞ்சதே போதும்ணே, இனிமே வராது லா," என்றார் மேனேஜர்.

இந்த முறை நான் சிரிக்கவில்லை. அதனால் ஒன்றும் மாறவுமில்லை.

இப்போதெல்லாம் மழை வாசனை வந்தால் மற்றவர்கள் ஜன்னலைத் திறக்கிறார்கள். நான் மட்டும் எங்கே மண் மூடாமல் கிடக்கிறதோ என்று எட்டிப் பார்க்கிறேன். 'வந்து என்ன செய்யப் போற?' என்ற அந்தப் பெரியவரின் கேள்வியும் கூடவே எட்டிப் பார்க்கிறது.