மலை ஏறாத செயின்

"…மோட்டருக்குப் பலம் இருக்கு, மலைக்கும் பலம் இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டுச் சாகுறது இந்தச் செயின்தான் மாப்புள" என்று சொல்லிக்கொண்டே, ரோட்டில் அறுந்து கிடந்ததைக் குனிந்து எடுத்தார் மச்சான்.

மச்சான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். ஹட்டன் பேக்கரியில் விடியும்போது சுடச்சுடப் பாண் எடுத்து, எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் லய வீடுகளில் விற்பவர். பெட்ரோலுக்கு வரிசையில் கிடந்த காலத்தில் ஓட்டோவை விற்றுவிட்டு, நுவரெலியாவில் ஒரு ஹோட்டல்காரர் கழித்துவிட்ட பேட்டரி சைக்கிளை வாங்கிவந்தார். பெடல் இருக்கும் இடத்திலேயே மோட்டர். நம் காலோடு சேர்ந்து அதுவும் அந்த ஒரே செயினைத்தான் இழுக்கும். சுற்றிப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் ஏரிக்கரையில் ஓட்டியவரைக்கும் செயினுக்கு ஒரு குறையும் இல்லை. நாங்கள்தான் பின்னால் பாண் பெட்டியைக் கட்டி மலையில் ஏற்றினோம்.

கியர் மாற்றும்போது காலைத் தளர்த்த வேண்டும் என்று ஹோட்டல்காரர் சிங்களத்தில் சொல்லத்தான் செய்தார். மச்சானும் தலையாட்டினார். ஆனால் எங்கள் மலையில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர் யார்? அவருக்குத் தெரிந்தது ஓட்டோ. ஏற்றத்தில் வண்டி திணறினால் அந்த நொடியே கியரைக் குறைக்க வேண்டும் என்று அவர் கைக்குப் பழக்கம். ஓட்டோவில் கிளட்ச் உண்டு, இதில் இல்லை. மோட்டர் முழு மூச்சில் இழுக்கும்போதே கை தானாகப் போய் கியரைத் தட்டும். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஹட்டனில் சைக்கிள் சாமான் விற்கும் முஸ்லிம் நானா முதல் தடவை அறுந்ததை ஒட்டிக் கொடுத்தபோது, "இது மனுசன் மிதிக்கச் செஞ்ச செயினு. நீங்க ஆனையப் பூட்டி இழுக்குறீங்க" என்றார். நல்ல பேச்சு எங்கே கேட்டாலும் எனக்கு ஆசை. அதைப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். பிறகு கொழும்பிலிருந்து புதுச் செயின் வந்தது. தேய்ந்து கூராகிப்போன சக்கரப் பல்லில் அது நிற்கவேயில்லை, வழுக்கிக்கொண்டே இருந்தது. "பல்லு போன கெழவனுக்கு முறுக்குக் குடுத்த மாதிரி" என்றார் மச்சான். அதற்கும் சிரித்தோம். அந்த அளவில் பல்லுச் சக்கரம் எங்கேயும் கிடைக்கவில்லை. பழைய செயினையே மறுபடியும் ஒட்டினோம். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு முன்னால் பாண் லயத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பெண்கள் கொழுந்தெடுக்க ஏறிவிட்டால் வாங்க ஆள் ஏது? பிந்திய நாட்களில், "இன்னைக்குப் பாணும் வந்திருக்கா, இல்ல அண்ணன் மட்டுமா?" என்று கேலி செய்தார்கள். கொஞ்ச நாளில் கேலியும் நின்றது. வீட்டிலேயே ரொட்டி சுடத் தொடங்கிவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் அக்காவிடம், இன்னொரு தரம் அறுந்தால் ஹட்டனில் ரயிலேறிக் கொழும்புக்கே போய்விடுவதாகச் சொன்னார். புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை தூக்கும் வேலை. அவருடைய அண்ணன் அப்படிப் போனவர்தான், தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வந்து விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பார். மறுநாள் காலையில் பார்த்தால், அக்கா தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெயை எடுத்துச் செயினுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று மச்சான் கியரைத் தொடவில்லை. ரோட்டின் கடைசி முடக்கில் நான் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தேன், அதனால் பார்த்தேன். கை கியருக்குப் போய்விடக் கூடாதே என்று விரல்களை ஹேண்டிலோடு இறுக்கிப் பிடித்திருந்தார். தப்பு ஒன்றும் செய்யவில்லை. அப்படியும் அறுந்தது.

நானே தள்ளிக்கொண்டு போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நாளைக்கு என்ன சொல்வது, நாளன்றைக்கு என்ன சொல்வது? மேலே பெண்கள் பெரட்டுக்குப் போகும் பேச்சுச் சத்தம் கேட்டது.

மச்சான் செயினைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாண் பெட்டியை அவிழ்த்து என் தோளில் ஏற்றிவிட்டார். பெட்டி இன்னும் சூடாக இருந்தது. பிறகு சைக்கிளை இறக்கத்தில் ஹட்டன் பக்கம் திருப்பி, ஏறி உட்கார்ந்து, பிரேக்கை விட்டார்.