இரண்டு விதமான இருபத்தாறு

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருபத்தாறு வயது. ஏழு நிமிடம் கழித்து அதே பிரசவத்தில் பிறந்த தங்கைக்கும் இருபத்தாறுதான். ஆனால் வீட்டில் யாருக்கும் அது நினைவில் நின்றதே இல்லை. தங்கைக்குப் பத்தொன்பதில் கல்யாணம் ஆனது. மூத்த பெண் பள்ளிக்கூடம் போகிறாள், சின்னவனுக்குப் பல் முளைக்கிறது. உறவுக்காரர்கள் ஏதாவது யோசனை கேட்க வேண்டுமென்றால் தங்கையிடம் கேட்பார்கள். அவனைச் "சின்னப் பையன்" என்பார்கள். அவனும் அதை ஒரு சௌகரியமாகவே வைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை லிஃப்டைப் பார்க்கப் போவான். கீழ்த்தளத்தில் டோக்கன் கொடுக்கும் பெண்ணோடு பழக்கமான பிறகு, ஒரு கோளாறும் இல்லாத லிஃப்டுக்கு வாரம் ஒரு தடவை கோளாறு வந்தது. இரண்டு வருடப் பழக்கம். சில ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பனின் அறைச் சாவி அவன் சட்டைப் பையில் இருக்கும். அது அவனுடைய கூட்டாளிகள் எல்லோருக்கும் தெரியும். தோளில் தட்டிச் சிரிப்பார்கள். அவள் பக்கத்திலோ ஈ காக்கைக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை. அவள் யோசிக்காத நாள் இல்லை.

ஒரு மதியம் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து, சாப்பாட்டைத் திறக்காமலே சொன்னாள்.

"வீட்ல எனக்கு மாப்பிள்ள பாக்க ஆரம்பிச்சுட்டாங்க."

"ஒரு மூணு வருஷம் சமாளி. நான் கொஞ்சம் காலூன்றிக்கறேன்."

"உனக்கு மூணு வருஷம் இருக்கு. எனக்கு மூணு மாசம்கூட இல்ல."

"அதெப்படி? நமக்குள்ள ஒரு வயசுதானே வித்தியாசம்?"

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அன்று மாலை அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது மெல்லப் பேச்செடுத்தான்.

"அம்மா, என் கல்யாணம்..."

"உனக்கு என்ன வயசாச்சு? இப்ப என்ன அவசரம்?"

"தங்கச்சிக்கு ஏழு வருஷம் முன்னாடியே பண்ணிட்டீங்க."

"அவ பொண்ணுடா!" என்றாள் அம்மா, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமே இல்லாதது போல. பிறகு போர்வையின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்து, இழுத்துப் பிடிக்கச் சொன்னாள்.

நேரே தங்கை வீட்டுக்குப் போனான். அவள் சின்னவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஏழு நிமிடத்துக்காக "அண்ணா" என்றெல்லாம் கூப்பிட மாட்டாள், டேய்தான். எல்லாவற்றையும் சொன்னான். சாவி விஷயத்தை மட்டும் மென்று முழுங்கினான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உனக்கு இதெல்லாம் யாருடா சொல்லிக் கொடுத்தா?" என்று திடீரென்று கேட்டாள்.

"எதெல்லாம்?"

"அதான்டா. கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா எங்கிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணு. 'அவர் சொல்றபடி நடந்துக்கோ.' அவருக்குத் தெரியும்னு நான் நெனச்சேன். எனக்கு யாராவது சொல்லி அனுப்பியிருப்பாங்கன்னு அவர் நெனச்சாரு. ஒரு வாரம் 'சாப்டியா', 'சாப்டீங்களா'ன்னு மாத்தி மாத்திக் கேட்டுக்கிட்டிருந்தோம்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள்: "வருஷம் திரும்பறதுக்குள்ள கையில குழந்த. நான் எப்ப அம்மாவா ஆனேன்னு எனக்கே பிடிபடல."

"அப்ப உனக்கு வருத்தமா?"

"தெரியலையே. இதுங்க இல்லாம ஒரு நாள் இருக்க முடியாது. அதுக்காக மறுபடியும் அப்படியே நடக்கணுமான்னு கேட்டா..."

சின்னவன் தட்டைக் கவிழ்த்தான். அவள் துடைக்கத் துணி தேடிப் போனாள். பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. தெளிவு தேடிப் போனவன், இருந்த தெளிவையும் தொலைத்துவிட்டுத் திரும்பினான்.

மறுநாள் அந்தப் பெண்ணிடம், "உங்க வீட்டுக்கு வந்து பேசறேன்" என்றான்.

"பயத்துல சொல்றியா, ஆசையில சொல்றியா?"

"ரெண்டும் கலந்து கெடக்கு. பிரிச்சுப் பாக்கத் தெரியல."

"எனக்கும் அப்படித்தான்" என்றாள். "வா."

அம்மா வர மறுத்துவிட்டாள். தங்கைதான் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட வந்தாள். பெண்ணின் அப்பா பஸ் டிரைவர். வயதைக் கேட்டார், சொன்னான்.

"இருபத்தாறா? சின்னப் பையனா இருக்கீங்களே தம்பி. பொறுப்பெல்லாம் வரணும். ரெண்டு வருஷம் போகட்டும்." அதே மூச்சில், "பொண்ணுக்கு இருபத்தஞ்சு முடியப்போகுது. இனிமேலும் வீட்ல வெச்சிருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். பிறகு தங்கையைப் பார்த்து, "நீங்க தம்பிக்கு அக்காவாம்மா?"

"தங்கச்சிங்க. ரெட்டப் பிள்ளைங்க நாங்க."

அவர் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தார்.

"அது... பொண்ணுங்க விஷயம் வேறம்மா."

"எப்படி வேறங்க?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவரும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். கடைசியில், "காபி ஆறுது, குடிங்க" என்றார்.

ஐந்து மாதம் இழுத்தடித்துக் கல்யாணம் முடிந்தது. அத்தோடு தெளிந்துவிடும் என்று அவன் நினைத்திருந்தான். மூன்றாம் மாதத்திலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் அவளிடம் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு காத்திருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மாள்கூடக் கேட்டாள். அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை.

ஒருமுறை அவளுக்கு நாள் தள்ளிப்போனது. பத்து நாள். இருவரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பதினோராம் நாள், அவன் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்டின் கூரைமேல் நின்று கம்பிவடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் செய்தாள்.

"இல்ல. இன்னைக்கு வந்துடுச்சு."

"வருத்தமா இருக்கா?"

"தெரியல. அழுதேன். அப்புறம் பசிச்சுது, நல்லா சாப்பிட்டேன். உனக்கு?"

அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. கூடவே நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறங்கிப்போனாற்போலவும் இருந்தது.

"எனக்கும் தெரியல."

"உனக்குத் தெரியலன்னா பரவாயில்ல, உன்ன யாரும் கேக்கப் போறதில்ல. எங்கிட்ட நாளைக்கும் கேப்பாங்களே, நான் என்ன சொல்றது?"

மாலையில் அவன் ஆஸ்பத்திரிக்கே போய் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டான். தங்கையின் தெரு வந்ததும், "போயிட்டுப் போலாமா?" என்றாள். வாசல்வரை போனார்கள். உள்ளே இரண்டு பிள்ளைகளும் கத்திக்கொண்டிருந்தன. ஏனோ கதவைத் தட்ட இருவருக்கும் கை எழவில்லை. கடைசியில் அவள்தான் தட்டினாள்.