பிடிபடாத பட்டன்

என் சித்தி, அம்மாவின் தங்கை, திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் தங்கி, அமீர்பேட்டில் வெப்சைட் செய்யப் படித்துக்கொண்டிருந்தாள். படித்ததையெல்லாம் என்னிடம்தான் காட்டுவாள். பட்டனை அமுக்கினால் திரை நிறம் மாறும். பெயரைத் தட்டினால் வணக்கம் சொல்லும். நாலு வரி எழுதினால் சும்மா கிடக்கும் பக்கம் பதில் பேச ஆரம்பித்துவிடும் என்பாள். இதிலேயே வேலைக்குப் போக வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

படிப்பு முடியுமுன்பே ஒரு வரன் வந்தது. பெண் வேலைக்குப் போகக் கூடாது என்பதைத் தவிர அவர்கள் எதுவும் கேட்கவில்லையாம். நல்ல இடம் என்று வீடே பூரித்துப்போனது. சித்தி வாயைத் திறந்தால் அப்பா பேச்சை மாற்றிவிடுவார். அம்மாவுக்குச் சரியாக அப்போதுதான் அடுப்பில் ஏதாவது தீயும்.

அந்த வாரம் அவள் எனக்கு ஒரு புது விளையாட்டு செய்தாள். 'கல்யாணத்துக்குச் சம்மதமா?' என்று ஒரு கேள்வி. கீழே 'சரி', 'நக்கோ' என்று இரண்டு பட்டன்கள். நக்கோ என்றால் வேண்டாம். எங்கள் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளின் பேச்சு அது. மவுஸ் கிட்டே போனாலே 'நக்கோ' வேறு மூலைக்கு ஓடிவிடும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா அதைப் பெருமையாக எடுத்துக் காட்டினார். மாப்பிள்ளையும் துரத்திப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரிதான்" என்று சிரித்தார். சித்தி காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். தை மாதம் கல்யாணம் முடிந்து போய்விட்டாள். எனக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை.

ஒரு மத்தியானம் அவள் விட்டுப்போன லேப்டாப்பில் அந்த விளையாட்டைத் திறந்தேன். திறந்ததும் மவுஸ் அம்பு அசையாமல் நின்றுவிட்டது. கீபோர்டில் டேப் கீயைத் தட்டத் தட்ட, 'நக்கோ'வைச் சுற்றி ஒரு கோடு விழுந்தது. என்டரைத் தட்டினேன். அது ஓடவில்லை. 'சரி, கல்யாணம் வேண்டாம். வேலைக்குப் போ' என்று எழுத்து வந்தது.

உடனே அம்மாவின் போனில் சித்தியைக் கூப்பிட்டேன்.

"சித்தி, நக்கோவைப் பிடிச்சுட்டேன்!"

"எப்படிட்டீ அமுக்குன?"

சொன்னேன்.

"அப்படி ஒரு வழி இருந்துச்சா? எனக்குத் தோணவே இல்லையே" என்றவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவள் செய்ததில் நான் தப்புக் கண்டுபிடித்துவிட்டதால்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது.

"அழாத சித்தி, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்துகொடுத்தேன்.