கம்பி பிடித்த கை

நாலாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் கோலார் தங்க வயலில் பாறை துளைக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு பேர் ஒரு ஜோடி. ஒருவன் குந்தி, கம்பியைப் பாறையில் ஊன்றிப் பிடித்து, ஒவ்வோர் அடிக்கும் சற்றுத் திருப்ப வேண்டும். மற்றவன் அதன் தலையில் சம்மட்டியால் அடிக்க வேண்டும். அடி தவறினால் பிடித்தவன் கை போகும். அதனால் மற்ற ஜோடிகள் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். எங்கள் ஜோடியில் எப்போதும் என் கூட்டாளிதான் பிடித்தான்.

குடியாத்தம் பக்கத்து ஆள். என்னைவிடத் தோள் அகலம். ஆனாலும், "நீ குந்தினா தூங்கிப்புடுவ மச்சான், நீயே அடி" என்பான். என் அடி சுத்தம் என்று நானும் நம்பியிருந்தேன்.

ஒரு பகல் ஷிப்டில் சம்மட்டி வழுக்கியது. அவன் வலது கையில் மூன்று விரல்கள் நசுங்கின.

மேஸ்திரி ஓடிவந்தார். "எப்பவும் இவனே புடிக்கணும்னு யார்ரா சொன்னது?"

யாரும் சொல்லவில்லை என்றேன். உண்மைதான்.

மறுநாள் ஒரு புது ஆளோடு இறங்கினேன். அவனுக்கு வழி தெரியாது என்பதால் மெழுகுவத்தியை நானே ஏந்தி முன்னால் நடந்தேன். அதற்குமுன் அதை நான் ஏந்தியதே இல்லை. புகை கண்ணைக் கரிக்கும். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கேஜை விட்டு வெளியே வந்ததும் கூட்டாளியிடம் நீட்டிவிடுவேன். இப்போது பாறையருகே போனதும் வத்தியைக் களிமண்ணில் ஒட்டக் குந்தினேன். எழவில்லை. பக்கத்தில் கிடந்த கம்பியை என் கை தானாக எடுத்தது. வெறுங்கையோடு பின்னால் வந்த புது ஆள் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றான். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. வத்தி யார் கையிலோ, கம்பியும் அவன் கையில்தான்.

ஷிப்டு முடிந்து கூட்டாளியின் மூங்கில் தட்டி வீட்டுக்குப் போனேன். அவனுக்கு இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் நிலமும் இல்லை.

"ஒரு நாளாச்சும் நீங்க புடிச்சிருக்கக் கூடாதாண்ணா?" என்றாள் அவன் மனைவி.

"சும்மா இரு. என்னா தெரியும் உனக்கு? நானாத்தான் புடிச்சேன். இல்ல மச்சான்?"

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா, நீயாத்தான் புடிச்ச" என்றேன்.

அவன் தலையாட்டிக்கொண்டான். அவள் பானைகளைச் சாக்கில் போட்டுக் கட்ட ஆரம்பித்தாள்.