மிஞ்சிய எலும்பும் எங்கள் மாமாவும்

எங்கள் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், இருபத்திரண்டு வருடமாகக் கோழிக்கடை வைத்திருக்கிறார். யாராவது எலும்பில்லாத கறி கேட்டால், உருவிய எலும்புகளைப் பலகையில் மறுபடி ஒரு கோழியாகவே அடுக்கிப் பார்ப்பார். ஒன்று குறைந்தாலும் கறியைத் தரமாட்டார். விருந்துக்குப் போன வீட்டிலும் தட்டில் அடுக்குவார். அக்கா மேசைக்கடியில் அவர் காலை மிதிப்பாள்.

நான் அருங்காட்சியகத்தில் எலும்புக்கூடுகளைப் பொருத்துகிறவன். அங்கே யாராவது மாமாவைப் பற்றி விசாரித்தால், "ஏதோ பிசினஸ்" என்று நழுவிவிடுவேன். படித்த திமிர், வேறென்ன.

அந்தச் சனிக்கிழமை என் வேலைக்கே ஆபத்து. மறுநாள் பத்து மணிக்கு டைனோசர் கூடம் திறப்பு. ஆளுயர டைனோசர் நிற்கிறது, கவட்டை மாதிரி வளைந்த ஒரு எலும்பு மட்டும் என் கையில் மிச்சம். விலா எலும்பு என்று நம்பி மூன்று நாளாக அதன் வயிற்றோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். "நாளைக்குள்ள முடியலேன்னா வேற வேலை பாத்துக்கோங்க" என்று எங்கள் மேலதிகாரி மேடம் சொல்லிவிட்டார்.

மத்தியானம் அக்கா கொடுத்தனுப்பிய சாப்பாட்டோடு மாமா வந்து நின்றார். சட்டையெல்லாம் ரத்தத் திட்டு.

"வச்சிட்டுப் பின்பக்கமா போயிடுங்க மாமா, மேடம் வர்ற நேரம்" என்றேன்.

அவர் எங்கே கேட்டார்? டைனோசரைப் பார்த்தபடி வாயைப் பிளந்து நின்றார்.

"மாப்ளே, இது கோழிடா!"

"மாமா..."

"முன்னால மூணு விரல் பாரு! இந்த உடைஞ்ச எலும்பு உள்ள பொக்கையா இருக்கு பாரு! மணிக்கட்டு றெக்கை மாதிரியே பக்கவாட்டுல மடங்குது! பல்லும் வாலும்தாண்டா கூடுதல்!"

அவர் அதைச் சுற்றிச் சுற்றி ஓடினார். எனக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. பறவைகள் டைனோசர் வழி வந்தவை என்று பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவன் நான். தினமும் தொட்டுப் பார்த்தவர் அவர்.

என் கையிலிருந்ததைப் பிடுங்கினார். "இதைப் போய் வயித்துல சொருகுறியே! கழுத்தடியில, ரெண்டு தோளுக்கும் நடுவுல வர்றதுடா!"

வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம்.

"யார் வச்சது?" வாசலில் மேடம்.

மாமா சட்டென்று என் கையை விட்டுவிட்டார். "நான் சாப்பாடு குடுக்க வந்த ஆளுங்க. தம்பிதான் வச்சாரு" என்று பின்கதவை நோக்கி நடந்தார். என் வெட்கம் அவருக்கு இத்தனை வருடமும் தெரிந்தே இருந்திருக்கிறது. எனக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது.

"எங்க மாமா மேடம்" என்று கத்தினேன். "கோழிக்கடை வச்சிருக்கார். இவர்தான் வச்சார். எனக்குத் தெரியல."

மேடம் எலும்பைக் குனிந்து பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார். "நாளைக்கு வர்றவங்களுக்கு நீங்களே இதைச் சொல்றீங்களா?"

"ஞாயித்துக்கிழமைங்க. கடையை யாரு பாக்குறது?"

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மாமா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நீயா? ஒரு கோழிக்கு ஒரு நாள் ஆக்குவியே!"

அப்படித்தான் ஆனது. மறுநாள் நீண்ட வரிசை, எல்லோரும் என்னைத் திட்டினார்கள். "கடைக்காரர் எங்கப்பா?" என்று கேட்ட ஒவ்வொருவரிடமும் தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்: "எங்க மாமா அருங்காட்சியகத்துல பாடம் நடத்துறார்!"