பரமேஸ் அக்காவும் மாநில எல்லை தாண்டிய கைத்துவக்கும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை சிட்னியில், கெல்லிவில் வீட்டில் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது மெல்பேர்னிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியது சுகந்தி, பரமேஸ்வரி அக்காவின் தங்கை மகள். மருத்துவமனையில் அக்காவின் மூச்சு நின்றுவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாகத் தமிழில் கேட்டாள்: "அன்ரி, பெரியம்மாவின்ர பழைய போட்டோ ஒண்டு கிடைச்சது. சீலையோட நிண்டு கையில துவக்கு பிடிச்சிருக்கிறா. அது ரியல் கன்னா?"

நிஜம்தான் என்றேன். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மெல்பேர்னில் அக்காவின் ரோவில் வீட்டுக்குப் போய் அவர் கையால் சாப்பிட்டவர்களுக்கும், த பேசின் பிள்ளையார் கோயிலில் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் அவர் கரண்டியோடு நிற்பதைப் பார்த்தவர்களுக்கும் இது நம்பக் கடினமாக இருக்கும். அதனால் எழுதுகிறேன். எழுபதுகளின் நடுவில் சிட்னியில் ஒரு பெரிய மருத்துவமனையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவர் விபத்துப் பிரிவில் தலைமைத் தாதி, யாழ்ப்பாணத்துக்காரர். நான் மதுரையிலிருந்து திருமணமாகி வந்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்திருந்தேன். சிட்னியில் அப்போது தெருவில் இன்னொரு சேலையைப் பார்த்தாலே ஓடிப்போய்ப் பேசுவோம். அப்படிப் பேசிப் பிடித்த உறவு அது.

மருத்துவமனையில் உடன் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஒரு சனிக்கிழமை அவரைத் தன் துப்பாக்கி சுடும் கிளப்புக்கு வேடிக்கை பார்க்கக் கூட்டிப் போயிருக்கிறார். போனவர் ஒரு தடவை சுட்டுப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமையும் போனார். ஒரு வருடத்துக்குள் உரிமம் எடுத்து, சொந்தமாக ஒரு சிறிய கைத்துப்பாக்கியும் வாங்கிவிட்டார். வட்டம் போட்ட தாளைத் தவிர வேறெதையும் அவர் சுட்டதில்லை. கை நடுங்காமல் இருப்பது எப்படி என்று கேட்டால், "மூச்சை அரைவாசி வெளிய விட்டிட்டு நிப்பாட்டோணும். அப்ப நெஞ்சு கரைச்சல் தராது" என்பார். சமையலறையில் ஊசியில் நூல் கோக்கும்போதும் அதையே செய்வார்.

மெல்பேர்னில் பெண்களுக்கான ஒரு பெரிய போட்டிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பறந்து போகாமல் காரில் போய், வழியில் கூடாரம் அடித்துத் தங்கலாம் என்று அக்கா முடிவு செய்தார். துணைக்கு நான். என் கணவருக்குத் தூக்கமே போய்விட்டது. இரண்டு பெண்கள், ஒரு கூடாரம், ஒரு துப்பாக்கி என்று விரல் விட்டுச் சொல்லிச் சொல்லி நடந்தார். எனக்கோ பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகும் பிள்ளையைப் போலக் கால் தரையில் படவில்லை.

நியூ சவுத் வேல்ஸ் கொடுத்த உரிமம் விக்டோரியாவில் செல்லாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரே நாடு, ஆனால் ஆற்றைத் தாண்டினால் வேறு சட்டம். அக்கா இரண்டு மாதம் முன்பே விக்டோரியா போலீசுக்கு எழுதி அனுமதி வாங்கியிருந்தார். துப்பாக்கி ஒரு பூட்டிய இரும்புப் பெட்டியில், தோட்டாக்கள் இன்னொரு பெட்டியில். இரண்டும் எங்கள் கைக்கு எட்டாமல் வண்டியின் பின்புறம், அரிசி மூட்டைக்கும் கூடாரத்துக்கும் அடியில். வழியில் தேநீர் குடிக்க நிறுத்தினால்கூட ஒருவர் மாறி ஒருவர்தான் இறங்குவோம்.

மாநில எல்லையான முறே ஆற்றுக்கு இக்கரையில், நியூ சவுத் வேல்ஸ் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்கு வெயில் தாழப் போய்ச் சேர்ந்தோம். கூடாரம் அடிக்கும் முன் அக்கா நேராகப் போலீஸ் நிலையத்துக்கு வண்டியை விட்டார். நிலையம் என்பது ஒரு சார்ஜன்ட், அவர் வீட்டை ஒட்டிய ஓர் அறை. நீலச் சேலையில் அக்கா உள்ளே போய், காரில் கைத்துப்பாக்கி இருக்கிறது என்று நல்ல மாலை வணக்கத்தோடு சேர்த்துச் சொன்னார். அந்த நெடிய மனிதர் தேநீர்க் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். காகிதங்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி காகிதங்களைப் பார்த்தார். கூடாரத்துக்குப் பூட்டு இல்லை, ஆகவே இதை இன்று உங்கள் இரும்புப் பெட்டியில் வைத்திருங்கள் என்று அக்கா கேட்டுக்கொண்டார். தன் உத்தியோகத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை என்று சொல்லி, சார்ஜன்ட் சிரித்தபடி வாங்கிப் பூட்டினார்.

ஆற்றங்கரையில் பெரிய சிவப்பு யூக்கலிப்டஸ் மரங்களுக்கு அடியில் சோறும் பருப்பும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கினோம். தலைக்கு மேல் வெள்ளைக் கிளிகள் போட்ட கூச்சலில் பேசவே முடியவில்லை. உலை கொதிக்கும் வரை அக்கா, தண்ணீர் நிறைத்த கெட்டிலை ஒரு கையில் பிடித்து நீட்டி, ஆற்றைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். கைக்குப் பயிற்சியாம். பக்கத்துக் கூடாரத்துக் குடும்பம் சாப்பாட்டை மறந்து வேடிக்கை பார்த்தது.

மறுநாள் மதியத்துக்கு மேல் போட்டி. காலையில் போலீஸ் நிலையத்துக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. சார்ஜன்டின் மனைவி வெளியே வந்து, நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்துவிட்டதாக அழைப்பு வந்து அவர் அவசரமாகப் போய்விட்டார், சாவிக்கொத்தும் அவரோடு போய்விட்டது என்றார். அக்கா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "வாரும் வசந்தா, ஆளைத் தேடிப் பிடிப்பம்" என்று வண்டியைக் கிளப்பினார்.

ஊருக்கு வெளியே ஒரு வளைவில் அந்த லாரி பக்கவாட்டில் கிடந்தது. கம்பளி மூட்டைகள் சாலை முழுக்கச் சிதறிக் கிடந்தன. ஓட்டுநரைப் புல்லில் கிடத்தி, கிழிந்த தொடையைச் சார்ஜன்ட் தன் சட்டையால் அழுத்திக்கொண்டிருந்தார். வளைவில் வேகமாக வரும் வண்டிகளைத் தடுக்க ஆள் இல்லை. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டியிட்டார். தான் தாதி என்று சொல்லி, சார்ஜன்டின் கைக்குக் கீழே தன் வலது கையைக் கொடுத்து முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினார். சார்ஜன்ட் எழுந்து சாலைக்கு ஓடினார். நானும் என் சிவப்புச் சால்வையைப் பிடித்து ஆட்டியபடி எதிர்ப்பக்கம் ஓடினேன்.

ஆம்புலன்ஸ் அடுத்த ஊரிலிருந்து வரவேண்டும். வரவில்லை, வரவில்லை. ஓட்டுநருக்குக் கண் செருகியது. அக்கா அவரை விழித்திருக்கச் செய்ய, தன் ஊரான யாழ்ப்பாணத்தின் பெயரைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தினார். அந்த மனிதர் யாப்பனம், சாப்பனம் என்று என்னென்னவோ சொன்னார். ழகரம் வரும்வரை விடமாட்டேன் என்று அக்கா மிரட்டினார். அவர் வலியிலும் சிரித்தார்.

நான் பக்கத்தில் குனிந்து, "அக்கா, இப்பவே கிளம்பினாத்தான் போட்டிக்குப் போக முடியும். சார்ஜன்டை அழுத்தச் சொல்லலாமா?" என்று கேட்டேன்.

அவர் தலையைத் திருப்பவில்லை. "இப்ப கையை எடுத்து மாத்தினா இந்த மனிசன் தாங்கமாட்டார். போட்டி எண்டது கடதாசிக்குச் சுடுறது, வசந்தா. கடதாசி அங்கதான் நிக்கும்."

ஆம்புலன்ஸ் வந்து ஓட்டுநரை ஏற்றிய பிறகுதான் அவர் எழுந்தார். வலது கை மரத்துத் தொங்கியது. விரல்களை மடக்க முடியவில்லை. "நீர் ஓட்டும்" என்று சாவியை என்னிடம் கொடுத்தார். நான் உரிமம் வாங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஊருக்குள் பால் வாங்கப் போனதைத் தவிர ஓட்டியதே இல்லை.

விஷயம் தெரிந்த சார்ஜன்ட் நிலையத்துக்குப் பறந்து போய்ப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அத்தோடு விடவில்லை. பாலம் வரை வழிவிடச் செய்கிறேன் என்று நீல விளக்கைச் சுழலவிட்டு முன்னால் புறப்பட்டார். போலீஸ் வண்டி முன்னே, மதுரைக்காரி ஓட்டும் பழைய ஸ்டேஷன் வேகன் பின்னே. கடைவீதியில் ஆட்கள் கடைகளை விட்டு வெளியே வந்து பார்த்தார்கள்.  ஆற்றுப் பாலத்தின் வாயிலில் அவர் ஓரங்கட்டி இறங்கினார். அதற்கு அப்பால் அவர் அதிகாரம் செல்லாது. தொப்பியைச் சரிசெய்து ஒரு சல்யூட் அடித்தார். அக்கா இடது கையால் பதில் சல்யூட் வைத்தார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி கை காட்டி நிறுத்தினார். அக்கா கண்ணாடியை இறக்கி, வண்டியில் கைத்துப்பாக்கி இருப்பதையும் அனுமதி இருப்பதையும் மூச்சு விடாமல் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது தன் வேலை இல்லை, பழம் ஏதாவது இருக்கிறதா என்றார். பழ ஈ ஆற்றைத் தாண்டாமல் பார்ப்பதற்காக நிற்பவர். அக்காவின் பையிலிருந்த எலுமிச்சைகள் முழுவதும் குப்பைத் தொட்டிக்குப் போயின. "துவக்கை விட்டிட்டு என்ர தேசிக்காயைப் பறிச்சுப்போட்டான்" என்று வெகுதூரம் வரை புலம்பினார்.

நேரம் ஓடியது. நான் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் உடனே அதட்டல் வரும். "துவக்கு இருக்கிற காரில சட்டத்துக்கு மேல ஒரு முழமும் ஓடப்படாது." மற்ற வண்டிகளெல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். அக்கா மரத்த கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

கடைசிக் குழு வரிசையில் நிற்கும்போது உள்ளே ஓடினோம். ரத்தக் கறை படிந்த சேலைக்கு மேல் கிளப்பின் கோட்டை மாட்டிக்கொண்டு அக்கா தன் இடத்துக்குப் போனார். முதல் சுற்றுத் தாளை எட்டிப் பார்த்தேன். குண்டுகள் தாளின் ஓரங்களில் சிதறியிருந்தன. ஒன்று தாளிலேயே படவில்லை. நடுவர் ஒருவர் வந்து, விலகிக்கொள்ள விருப்பமா என்று மரியாதையாகக் கேட்டார். இல்லை என்றார். சுற்றுக்குச் சுற்று குண்டுகள் நடுவை நோக்கி நகர்ந்தன. பார்வையாளர்கள் ஒவ்வொருவராக எங்கள் பக்கம் வந்து நின்றார்கள். கடைசிச் சுற்றில் அவர் கையை நீட்டினார், மூச்சை அரைவாசி விட்டார்.  தாளைக் கொண்டுவந்தபோது கறுப்பு வட்டத்தின் நடுவில் ஒரே ஒரு கிழிசல்தான் இருந்தது. அத்தனை குண்டுகளும் அதற்குள் போயிருந்தன.

மொத்தப் புள்ளிகளில் அவர் நடுவில் எங்கோ வந்தார். கோப்பை வேறொருவருக்கு. ஆனால் அன்று யார் சுட்டதிலும் சிறந்த தாள் அதுதான் என்று மேடையில் அறிவித்தார்கள். அப்போது ஒருவர் வந்து ஒரு தொலைபேசிச் செய்தியை வாசித்தார். ஆற்றங்கரை ஊர்ச் சார்ஜன்ட் பேசியிருக்கிறார்: ஓட்டுநர் பிழைத்துவிட்டார், காலும் தப்பியது, தாதி எப்படிச் சுட்டார் என்று தெரியவேண்டும். நடந்தது என்னவென்று விளங்கியதும் கூடம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பின்னாளில் வேலை மாறி மெல்பேர்னுக்கே குடிபோனார். கண் மங்கத் தொடங்கியதும் துப்பாக்கியை முறைப்படி ஒப்படைத்தார். அதைப் பற்றி யாரிடமும் பெருமை பேசவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, சிட்னிக்குத் திரும்பிய அந்தப் பகல். மெல்பேர்ன் தாண்டியதும், கை சரியாகிவிட்டதே, நீங்கள் ஓட்டுங்கள் என்றேன். "நீர் வடிவா ஓட்டுறீர். நான் கொஞ்சம் படுக்கிறன்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி, கால்களை இருக்கையில் மடக்கி, கன்னத்துக்குக் கையைக் கொடுத்துத் தூங்கிப்போனார். முன்னால் பெரும் லாரிகள், இரண்டு பக்கமும் மஞ்சள் புல்வெளி, ஸ்டியரிங் வளையத்தில் என் கை மட்டும். நூற்றுக்கணக்கான மைல்களை என்னிடம் கொடுத்துவிட்டு ஒருவர் குறட்டை விட்டுத் தூங்குகிறார். அதற்குப் பிறகு இந்த நாட்டில் எந்தச் சாலையைப் பார்த்தும் நான் பயந்ததில்லை.