புளித்த தண்ணீரும் ஒரு போட்டோவும்

பத்து நாள் முன்பு கச்சிராயபாளையத்தில் என் வீட்டு ஹாலில் ஒரு இன்டர்வியூ நடந்தது. எனக்கில்லை... எதிர்வீட்டு ஸ்டெல்லாவுக்கு. பயோடெக்னாலஜி கடைசி வருஷம். பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆறு மாதப் பயிற்சி. கிடைத்தால் மேற்படிப்புக்கு வழி பிறக்கும். அவள் வீட்டில் நெட் விட்டு விட்டு வரும் என்பதால் என் லேப்டாப்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது — கேள்வி கேட்டவர் திரையில் ஒரு பெருநகரக் கல்லூரிக் குழுவின் வெப்சைட்டைத் திறக்கும் வரை. அதில் ஸ்டெல்லாவின் போட்டோ. கையில் சொட்டு அளக்கும் பிப்பெட். கீழே ஒரு வரி: 'கிராமப்புற மாணவர்களுக்கு நாங்கள் நடத்திய அறிவியல் விழிப்புணர்வு முகாம்.'

"அப்ப இந்த முகாம்ல கலந்துக்கிட்டவங்களா நீங்க?" என்றார்.

"ஆமாங்க சார்" என்றாள் ஸ்டெல்லா.

எனக்கு வந்ததே ஆத்திரம். முகாமாவது, மண்ணாங்கட்டியாவது!

நடந்தது இதுதான். பாக்டீரியா மாதிரி நுண்ணுயிர்களின் மரபணுவை மாற்றிப் புதுவேலை செய்யவைக்கும் மாணவர் போட்டி ஒன்று உண்டு. அதற்காக அந்தப் பெருநகரக் குழு, தண்ணீரில் சயனைடு இருந்தால் பச்சையாக ஒளிரும் பாக்டீரியாவை உருவாக்கியது. மரவள்ளிக் கிழங்கில் இயல்பாகவே சயனைடு உண்டு; அதை அரைக்கும் ஜவ்வரிசி ஆலையின் கழிவுநீரில் பாக்டீரியாவைச் சோதிக்க வேண்டும். ஏசி ரூமில் அந்தத் தண்ணீருக்கு எங்கே போவது? சின்னசேலம் பக்கம் தண்ணீர் பிடித்துவந்து சேர்ந்து வேலை செய்ய ஸ்டெல்லாவின் கல்லூரிக் குழுவைக் கூட்டு சேர்த்தார்கள்.

பாக்டீரியா ஒளிரவில்லை. 'சயனைடு இல்லை' என்று எழுதப் போனார்கள் மேதாவிகள். தடுத்தது ஸ்டெல்லா.

"அது புளிச்ச தண்ணிங்க. புளிப்புல அந்தப் பச்ச மங்கிடும். புளிப்பக் கொறச்சிட்டுப் பாருங்க."

குறைத்தார்கள். ஒளிர்ந்தது. பரிசும் வாங்கினார்கள். அந்தப் பெண்தான் இப்போது முகாமில் கற்றுக்கொண்டவளாம்.

குழுத்தலைவனுக்கு நானே போன் போட்டேன்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. போட்டியில கூட்டு ஆராய்ச்சிங்கற இடத்துல ஒரு ஃபாரின் டீமைக் காட்டிட்டோம். மார்க்குக்கு, கிராமத்துல சொல்லிக்கொடுத்தோம்னும் ஒண்ணு தேவைப்பட்டுச்சு... இப்ப போட்டி நடத்தறவங்க வெப்சைட்டைப் பூட்டிட்டாங்க, மாத்த முடியாது."

குரலில் கூச்சம்கூட இல்லை. வேலை வாங்கும்போது 'டீம்', எழுதும்போது 'பயனாளி'... இந்தப் பிள்ளைகள் இதை யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்? நம்மைப் போன்ற பெரியவர்களைப் பார்த்துத்தானே?

"ஏம்மா, உண்மையைச் சொல்லியிருக்கலாமே?" என்று அவளிடமும் கத்தினேன்.

"எப்டி சார் சொல்றது? ரெண்டு மாசமா கூட வேல செஞ்சிக்கினு இருந்தவங்க. போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும்ல."

பயிற்சி வேறு யாருக்கோ போய்விட்டது. சொல்லும்போது அவள் அழவில்லை.

நேற்று அந்தக் குழுத்தலைவனே அவளுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறான். இன்னொரு ஆலைத் தண்ணீராம், மறுபடி ஒளிரவில்லையாம், என்ன செய்யலாம் என்று அவள்தான் சொல்ல வேண்டுமாம்.

பதிலை என்னிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்பினாள்:

"முகாம்ல அத சொல்லித் தரலீங்களே."